பேய்ப் படத்துக்கு ஒரு ஹீரோ

மத்தியான வெயில் கண்ணாடிக் கதவு வழியாக வந்து ஸ்டுடியோ கவுண்டர்மேல் படுத்திருக்கிறது. அந்த வெளிச்சத்தில் ஸ்டுடியோக்காரர் மனைவி, யாரும் வாங்க வராமல் தங்கிப்போன பாஸ்போர்ட் சைஸ் படங்களைச் சீட்டுக்கட்டு மாதிரி பரப்புகிறாள். சின்ன வயதில் கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்த பேய் பங்களாப் படத்தை மறுபடி எடுக்கிறார்களாம். அதற்கு இவளாக விளையாட்டுக்கு ஆள் பொறுக்குகிறாள். “வேலைக்காரி இந்தம்மா. முழியே போதும்.” ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், காது மட்டும் கவுண்டரில் இருக்கிறது. “ஹீரோ?” “இந்தப் பல் டாக்டர்தாங்க. தாடையைப் பாருங்களேன், அப்பப்பா!” அவருக்கு வயிறு எரிகிறது. அந்தத் தாடை அவர் போட்ட தாடை. டாக்டரின் தொங்கு சதையைக் கால் மணி நேரம் மௌஸால் சீவிச் சீவி அவரே உண்டாக்கியது. ஊருக்கெல்லாம் அழகு வழங்கிய கையால் தன் மோவாயைத் தடவிப் பார்க்கிறார். அங்கே சதை பத்திரமாக இருக்கிறது. “என் படம் அதுல இல்லையா?” “உங்களை யாரு எடுத்தா, இருக்கறதுக்கு?” அவள் கேமராவைக் கையில் எடுக்கிறாள். “வந்து உக்காருங்க. பேய்க்கு இன்னும் ஆள் கிடைக்கல.” “பேயா?” “ஹீரோ பாதியிலயே செத்துடுவான். பேய்தானே கடைசி வரைக்கும் அந்த ஹீரோயின் பொண்ணையே சுத்திச் சுத்தி வருது?” அவர் எழுந்து வருகிற வழியில் முழங்கை தற்செயலாகப் பட்டு, பல் டாக்டர் பீரோவுக்கு அடியில் போய் விழுகிறார். ஸ்டுடியோக்காரர் ஸ்டூலில் வயிற்றை எக்கி உட்கார்கிறார். “இளிக்காதீங்க,” என்கிறாள் கேமராவுக்குப் பின்னாலிருந்து. “பேய் இளிக்காது.” வாயை மூட முடியவில்லை அவருக்கு.