ஏழாம் எண் மாதிரி

புரதச் சோதனையின் ஈரம் சொட்டும் ஃபிலிமை ஆராய்ச்சியாளர் ஜன்னல் வெயிலில் தூக்கிப் பிடிக்கிறாள். அவள் புது மருந்தைக் கலந்த பிறகும், ஆறு பேரின் ரத்தப் புற்றுச் செல்களில் நோயை வளர்க்கும் பொல்லாத புரதம் கறுப்புக் கோடாகச் சட்டமாய் உட்கார்ந்திருக்கிறது. ஏழாவதில் மட்டும் கோடே இல்லை. மருந்து புரதத்தைச் சுவடில்லாமல் சிதைத்திருக்கிறது. ஏழு, அவள் தம்பி. ரத்தம் கொடுத்த அன்று, "என் செல்லுக்கெல்லாம் நல்லா தீனி போட்டு வளர்த்துடுக்கா" என்று சிரித்தான். போன மாதம் அவன் போய்விட்டான். செல்கள் மட்டும் குப்பியில் இன்னும் பெருகுகின்றன. சோதனையில் ஏழாவது செல்சாற்றை ஊற்ற மறந்திருப்பேன், மறந்திருக்கணும் என்று முதல்முறையாகத் தன் கைத்தவறுக்காக வேண்டிக்கொள்கிறாள். ஃபிலிமின் கீழ்வரிசையில் எல்லாச் செல்லுக்கும் பொதுவான புரதம் தெரியும். ஊற்றியதற்கு அதுதான் சாட்சி. ஏழாவதிலும் அது கன்னங்கரேலென்று இருக்கிறது. தவறே இல்லை. துறைத்தலைவர் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறார். எண்களுக்குரிய பெயர்கள் அவருக்குத் தெரியக்கூடாது என்பது விதி. "அடேயப்பா, பிரமாதம்மா! ஏழாம் நம்பர் ஆளு இப்ப எப்படி இருக்காரு?" ஃபிலிமின் நுனியிலிருந்து ஒரு சொட்டு அவள் மணிக்கட்டில் வழிந்து சட்டைக்குள் இறங்குகிறது. "செல்லெல்லாம் நல்லா இருக்கு சார்" என்கிறாள்.