ஆன் பண்ணியதும் ஒரு கேள்வி

“‘மாமா, உனக்கு யாருமே இல்லியா?’ன்னு கேக்குதும்மா என் கம்ப்யூட்டரு. அதப் போயி அழிக்கணும்னு சொல்றியே!”

ரோஜாவுக்கு ஒன்றும் புரியவில்லை. விழுப்புரத்தில் ஓர் இன்டர்நெட் கம்பெனியின் சேவைப் பிரிவில் அவளுக்கு வேலை. விண்டோஸா, ஆப்பிளா, லினக்ஸா என்று முதலில் கேட்டுக்கொண்டு, அதற்குத் தகுந்தபடி போனிலேயே வழி சொல்ல வேண்டும். தன் கம்ப்யூட்டர் கேள்வி கேட்கிறது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

“கம்ப்யூட்டரு எப்படி சார் கேக்கும்?”

“ஆன் பண்ணா கேக்கும். சின்னப் பொண்ணு குரலு. அப்ப ஒரு நாளு வெளையாட்டா மைக்குல பேச வுட்டேன். அதையே ஆன் பண்றப்ப வர்ற சத்தமா வெச்சிட்டேன். தெனம் காலையில அது கேக்கும். ‘அதான் நீ இருக்கியே’ன்னு சொல்லிட்டு டீ போடப் போவேன்.”

“அக்கா பொண்ணா சார்?”

“அப்படியே வெச்சிக்கோயேன். இப்ப எங்க இருக்குதோ! மயிலம் முருகன் புண்ணியத்துல நல்லா இருந்தா செரி.”

அவர் பெயர் முருகையன். கூட்டேரிப்பட்டில் தனியாக இருக்கிறார். எப்போதோ நடத்திய கடையை மூடியபோது மிஞ்சிய கம்ப்யூட்டர் அது. அதில் இருப்பது பழைய விண்டோஸ். நாளை முதல் கம்பெனியின் புதிய லாகின் பக்கம் அதில் திறக்காது. லைன்மேன் வந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு லினக்ஸ் போடுவார். அதைச் சொல்லத்தான் ரோஜா அழைத்திருந்தாள்.

“அழிச்சா அந்தக் குரலும் பூடுமா?”

“எடுத்து வெக்கலைன்னா போயிடும் சார்.”

“அப்ப நெட்டே வாணாம்மா. லைனக் கட் பண்ணிடு.”

பின்னால் நின்ற சூப்பர்வைசர் சீனுவாசன் அவள் மேஜையைத் தட்டினார். “என்ன அனிதா, இன்னுமா கூட்டேரிப்பட்டு? வாணாம்னா வுட்டுட்டு அடுத்த காலுக்குப் போயிக்கினே இரு.”

அனிதா என்பது கம்பெனி கொடுத்த பெயர். போனில் யாரும் சொந்தப் பெயரைச் சொல்லக் கூடாது என்பது விதி. நாளடைவில் ஆபீஸிலும் விடுதியிலும் அதுவே நிலைத்துவிட்டது. அவளை ரோஜா என்று கூப்பிட உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் வேகவைத்த வேர்க்கடலையை ‘மல்லாட்டை, மல்லாட்டை’ என்று கூவி விற்று அவளை வளர்த்த அம்மா. போன ஆடியில் அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஊரெல்லாம் மணிக்கணக்கில் பேசும் காலத்திலும் அம்மாவுக்கு மிஸ்டு கால் கொடுக்கிற பழக்கம் மாறவே இல்லை. அம்மா போன பிறகு ரோஜா தன் போன் முழுக்க அவள் குரலைத் தேடிப் பார்த்தாள். ஒரு சொல்லாவது, ஓர் அதட்டலாவது? எதுவும் இல்லை.

ஒரு குரலைத் தொலைப்பது என்னவென்று அவளுக்குத் தெரியும்.

“சார், கட் பண்ண வேணாம். நான் சொல்றபடி செய்ங்க. உங்க கம்ப்யூட்டர இங்கருந்தே நான் பாக்கணும்.”

“பாரும்மா. தூசிதான் நெறைய இருக்கும்.”

சிரித்துக்கொண்டே தேடி, அந்த ஒலியை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம் முருகையனே அழைத்தார். “லைன்மேன் வந்து எல்லாம் போட்டுட்டுப் போயிட்டாரும்மா. நெட்டு ஜோரா வருது. ஆனா ஊமையாட்டம் ஆன் ஆவுது.”

அந்த லினக்ஸில் தானாகச் சத்தம் வராது. தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும். அவளுக்குச் சொல்லிக்கொடுத்த வழிகளில் அது இல்லை. டிபன் பாக்ஸைத் திறக்காமலே உட்கார்ந்து, அங்கே இங்கே பார்த்துக் கற்றுக்கொண்டு அதைச் செய்து முடித்தாள். சரியாக வருகிறதா என்று ஹெட்போனில் கடைசிவரை ஒரு முறை கேட்டாள்.

அடுத்த அழைப்பின் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. அவள் அதே ஒலியை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள்.

“இன்னாம்மா, லைன்ல இருக்கியா? வந்துச்சா?”

“வந்துடுச்சி சார். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.”

ஸ்விட்ச் தட்டும் சத்தம் வந்தது. பிறகு, போனை வைக்க மறந்தவராய் முருகையன் யாருக்கோ பதில் சொல்வது கேட்டது. “அதான் நீ இருக்கியே!”

அடுத்த நாள் சாயங்காலம் விடுதி அறையில் உட்கார்ந்து, தன் சொந்த போனிலிருந்து அவரை அழைத்தாள்.

“யாருங்க, புது நம்பரா இருக்குது?”

“நெட்டு கம்பெனி சார். நெட்டு வருதா?”

“அட, அனிதாப் பொண்ணா! வருதும்மா.”

“சாப்ட்டீங்களா?”

“இதையுமா உங்க கம்பெனி கேக்கச் சொல்லுது?”

“ஆமா சார். இனிமே தெனம் உங்ககிட்ட பேசச் சொல்லியிருக்காங்க.”

“ரொம்ப நல்ல கம்பெனிம்மா! மகராசனா இருக்கட்டும்.”

போனை வைத்ததும் அறை மறுபடி அமைதியானது. முருகையனுக்காக எடுத்து வைத்திருந்த ஒலியைத் தன் போனில் மெல்ல ஓடவிட்டாள் ரோஜா.

“மாமா, உனக்கு யாருமே இல்லியா? செரி, அழுவாத. நான் பெரிசாயி தெனம் உன்கிட்ட பேசுறேன்” என்றது குழந்தை.

அதன் பின்னால், பஸ் ஹாரன்களையெல்லாம் மீறிக்கொண்டு ஓர் அதட்டல் கேட்டது: “ஏய் ரோஜா, கடைக்கார மாமாவ பேஜார் பண்ணாத! மல்லாட்டை ஆறிப்போவுது, ஜல்தி வாடி!”