காற்று கசிகிற இடம்

தூங்கும்போது மாட்டவேண்டிய சுவாசக் கவசம் மறுபடியும் பெரியவரின் மூக்கோரம் ‘உஸ்’ஸென்று கசிந்தது. வாரை இறுக்கி இறுக்கியே களைத்துப்போனான், ஆஸ்பத்திரியிலிருந்து மாட்டிவிட வந்த எவரிஸ்டோ.

“அதை எடுத்துடுங்க சார். இல்லேன்னா இது படியாது.”

“முடியாது!” என்றார் பெரியவர்.

“தூக்கத்துல மூச்சே நின்னு போவுது. உசிரை விட அது பெருசா?” மனைவி ஹெர்மீனியா வெடித்தாள்.

“அடுத்தவன் முன்னால எடுத்தா நான் செத்தவன்தான்டி!”

எவரிஸ்டோ சட்டென்று எழுந்து விளக்கை அணைத்தான்.

இருட்டில், பிடரியில் முடிச்சு அவிழ்ந்தது. முகம் தெரிந்தாலே மானம் போச்சு என்கிற மெக்ஸிகோவின் கோதாக்களில் எந்த எதிராளியாலும் பறிக்க முடியாத வெள்ளி முகமூடியை, அந்த மல்யுத்த வீரர் தானே கழற்றி அவன் கையில் வைத்தார்.

விரல்களால் தடவித் தடவியே அவன் கவசத்தை மாட்டினான். ‘உஸ்’ நின்றது.

“நான் போனப்புறம் விளக்கைப் போடுங்க, வாத்தியாரே!”