ஒன்று கழித்து

முதலில் கண்டது அவள்தான்.

வடக்கே, மலை விளிம்புக்கு மேல் ஒரு மிளகு.

மிளகுக்குச் சிறகு முளைத்தது. பின்னால் இன்னொன்று. அப்புறம் ஒரு பெருங்கூட்டம். உலையில் அரிசி கொதிப்பதுபோல வெயிலில் சுழன்று சுழன்று மேலேறியது.

தேன்பருந்துகள்.

தொண்டைவரை வந்த கூச்சலை விழுங்கினாள். எண்ணும்போது பேசக் கூடாது.

டிக். டிக். டிக்.

கைக்குள் இருந்த எண்ணும் கருவி ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒன்று கூட்டியது.

ஆனி மாதம் கண்புரை எடுத்தாயிற்று. புரட்டாசி வானம் இத்தனை நீலம் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. இறக்கையின் அடிப்பக்கத்து வரிகள்கூடத் தெரிந்தன. சந்தோஷத்தில் பாறைமேல் நின்று குதிக்கலாம் போலிருந்தது. இந்த வயதில் குதித்தால் மானம் போகும். ஆகவே எண்ணினாள்.

பக்கத்தில் மயில்சாமி சார். மின்வாரியத்தில் இருந்த காலமெல்லாம் கம்பத்தை அண்ணாந்து பார்த்தே பழகிய கழுத்து.

வலசை வரும் பருந்துகளை எண்ண, கணவாயைப் பார்த்த இந்தப் பாறைக்கு ஆண்டுதோறும் இருவரும் வருகிறார்கள். ஒரே வானம், ஆளுக்கொரு கருவி. முடிந்ததும் ஒப்பிட்டு, எது குறைவோ அதை வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவது வழக்கம். கூட்டிச் சொன்னால் பாவம் என்பார் சார்.

கண் மங்கியவர்களுக்குப் பாறையில் இடமில்லை. அடிவாரத்தில் மற்றவர்களுக்கு டீ போட்டுக்கொண்டிருக்கலாம்.

போன வருடம் அந்தப் பயத்தில்தான் அவள் அதைச் செய்தாள். வானம் மொத்தமும் கஞ்சித் தண்ணீராகத் தெரிந்தது. சாருடைய கருவி டிக் என்றால், தானும் ஒரு டிக். ஒரு மூச்சு தள்ளி. நாள் முழுக்க.

கணக்கு டீச்சராக இருந்தவள். காப்பியடித்த பிள்ளைகள் எத்தனை பேரை வெளியே நிறுத்தியிருப்பாள்!

கூட்டத்தைவிட்டு ஒன்று பிரிந்து தெற்கே சரிந்தது. அழுத்தினாள்.

ஒரு மூச்சு தள்ளி, பக்கத்தில் டிக்.

அடுத்ததற்கும் அப்படியே. அதற்கடுத்ததற்கும்.

அந்த ஒரு மூச்சை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கடைசிப் பருந்தும் மறையும்வரை பொறுத்திருந்தாள். பிறகு தொலைநோக்கியை வெறும் நீலத்துக்குத் தூக்கினாள். ஒரு காக்கைகூட இல்லை.

அழுத்தினாள்.

காற்று வீசியது.

டிக், என்றது சாரின் கருவி.

சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பாவமாகவும் இருந்தது. சார் ஒன்றுமில்லாத வானத்தை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் போன வருடத்துச் சாயங்காலம் ஞாபகம் வந்தது.

இரண்டு கருவியிலும் ஒரே எண். சார் இரண்டையும் பார்த்தார். ஒன்று கழித்து அனுப்பினார். வயதாகிறது, கணக்குத் தடுமாறுகிறது என்று அவள் மனதுக்குள் பரிதாபப்பட்டாள். இறங்கும் வழியில், யாரும் கேட்காமலே, ஒரு கண்ணாஸ்பத்திரியின் நம்பர் கொடுத்தார்.

"நம்ம பங்காளி ஒருத்தர் போனாருங்க டீச்சர். நல்லா பாக்கறாங்களாமா."

அடப் பாவி மனுசா.

வெயில் தாழ்ந்தது. கருவிகளை அருகருகே வைத்தார்கள். சார் மூக்கில் இடிக்கும் தூரத்தில் வைத்துப் படித்தார். இரண்டிலும் இருநூற்றுப் பதிமூன்று.

ஃபோனை அவள் எடுத்துக்கொண்டாள். சத்தமாகச் சொல்லிக்கொண்டே தட்டினாள்.

"இருநூத்திப் பன்னெண்டு."

சார் நிமிர்ந்தார். காது இரண்டும் சிவந்துபோயின.

"வலியே இல்லீங்க சார்," என்றாள், பையைக் கட்டியபடி. "காலைல போனா மத்தியானம் வந்தரலாம். நம்பர் எங்கிட்ட இருக்குதுங்க."

அவர் தெற்கே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே எந்தப் பறவையும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, அவர் கைக்குள் டிக் என்றது.