இருபத்தைந்து நிமிடம்

விமானத்தின் சன்னலோர இருக்கையில் உட்கார்ந்து மூன்றாவது முறையாகக் கணக்குப் போட்டேன்.

இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர். வேகம் மணிக்கு எண்ணூறு. ஆக, ஒன்றரை மணி நேரம். எட்டுப் பத்துக்குக் கிளம்பினால் ஒன்பது நாற்பதுக்கு இறங்கி, பதினோரு மணி நேர்காணலுக்கு ஆற அமரப் போகலாம்.

அம்மா இதை ஒப்புக்கொள்ளவில்லை.

"ஒண்ணு அம்பத்தஞ்சு ஆகும்டி. டாக்ஸிக்கு இப்பவே சொல்லி வை" என்றாள் நேற்று.

ஒருநாளும் விமானத்தில் பறக்காதவள். பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டவள். நானோ கணிதத்தில் பல்கலைக்கழகத்திலேயே முதலிடம். மாமாவும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். மாமா இரண்டு முறை பறந்தவர். அதை இருநூறு முறை சொன்னவர்.

டிக்கெட்டிலும் இறங்கும் நேரம் பத்து ஐந்து என்றுதான் இருந்தது. தாமதமானால் திட்டு விழுமே என்று விமானக் கம்பெனிக்காரன் கூட்டிப் போட்டிருப்பான் என்றார் மாமா.

கணக்கை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் என்ன படிப்போ என்று முணுமுணுத்தபடி அம்மா வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

இப்போது மணி எட்டு ஆறு. கதவை மூடிவிட்டார்கள். விமானம் அசைகிற வழியாக இல்லை. அம்மா சொன்னதே சரி என்றால், டாக்ஸிக்கு முக்கால் மணி நேரம் போக என் கையில் மிஞ்சுவது பத்தே நிமிடம்.

கீழே ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட ஒருத்தி, பெட்டி ஏற்றுகிறவர்களை விரட்டு விரட்டென்று விரட்டிக்கொண்டிருந்தாள். கடைசிப் பெட்டி உள்ளே போனது. அவள் குனிந்து, சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்திருந்த மஞ்சள் கட்டையை உருவினாள். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள்.

விமானம் பின்னால் நகர்ந்தது. சரியாக எட்டுப் பத்து.

நகர்ந்ததே தவிர, பறக்கவில்லை. ஊர்ந்தது, வளைந்தது, நான்கு விமானங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றது. என் கணக்கில் இல்லாத நிமிடங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன.

தாளில் ஒன்றரையை அடித்துவிட்டு, ஒன்று ஐம்பத்தைந்து என்று எழுதினேன்.

கிளம்பும்போது அந்த ஆரஞ்சுச் சட்டைக்காரி, கட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு என் சன்னலைப் பார்த்துக் கையாட்டினாளே, அது யார் என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார்.

எந்தப் படிவத்திலும் 'தாயார்: விமான நிலையத்தில் பணி' என்று எழுதி அதோடு நிறுத்திக்கொள்பவள் நான். இன்று முன்வரிசையே திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன்.

"எங்க அம்மா. அவங்க கட்டையை எடுத்தாதான் சார் பயண நேரமே ஆரம்பிக்கும்."

பத்து ஐந்துக்கு, அந்த ஊரில், வேறு யாரோ ஒருவர் குனிந்து சக்கரத்துக்குக் கட்டை வைத்தார்.