இஞ்சினை அணைக்க வேண்டாம்

விமானப் பயிற்சிப் பள்ளி எனக்கு வைத்திருந்த கூலிப் பாக்கி ஆறாயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய். பள்ளியை மூடும் நாளில், அதை நடத்திய பைலட் மேடம், விமானம் ஓட்டுபவர்கள் காதில் மாட்டும் ஹெட்செட்டுகள் இரண்டை எடுத்து வைத்தார். "கையில காசில்ல, எசக்கியண்ணே. பச்சை சத்தத்தக் குறைக்கும், கறுப்பு அடியோட முழுங்கிடும். ஒண்ண எடுத்து வித்துக்கோங்க."

"விக்கல மேடம். நானே மாட்டிக்கிறேன்."

"எந்த பிளேன ஓட்டப் போறீங்க?"

நான் சிரிக்கவில்லை. இஞ்சின் ஓடும் விமானங்களின் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை உருவி உருவியே என் காதுக்குள் ஒரு கீச்சொலி குடிவந்துவிட்டது. படுத்தால் தூங்க விடாது. வெளியே, கடைசி விமானத்தை வாங்கியவர் இஞ்சினை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய்ப் பச்சையை மாட்டினேன். இரைச்சல் தணிந்தது, கீச்சொலி தலைதூக்கியது. கறுப்பை மாட்டினேன். இஞ்சினே இல்லாமல் போனது. கீச்சொலி மட்டும், கதவடைத்த அறையில் சிக்கிய சில்வண்டுபோல் மண்டை முழுக்கக் கத்தியது. பிடுங்கிக் கழற்றினேன். இரைச்சல் மேலே வந்து விழுந்ததும் கீச்சொலி அடங்கிப்போனது.

இரண்டையும் திருப்பிக் கொடுத்தேன்.

"அப்போ பாக்கி?"

"இஞ்சினக் கொஞ்ச நேரம் அணைக்க வேண்டாம்னு அவர்கிட்ட சொல்லுங்க மேடம். கணக்கு தீந்துரும்" என்று சொல்லிவிட்டு, இறக்கை நிழலில் துண்டை விரித்துப் படுத்தேன்.