லிஃப்ட் மெக்கானிக் வீட்டு லிஃப்ட்

“எம் பொண்ணு இரும்பு தூக்கறதுக்கு நான் சம்மதிக்கவே மாட்டேன் கோச். வேற வழி இருந்தா சொல்லுங்க!”

நாலாவது மாடி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த பயிற்சியாளர், கையிலிருந்த காபியைக் குடிப்பதா, கீழே வைப்பதா என்று தெரியாமல் விழித்தார்.

“மேடம், நீளம் தாண்டறவளுக்குக் கால்ல வலு வேணும். போன வருஷம் நாலு விரக்கடையில அணியில இடம் போச்சு. அந்த நாலு விரக்கடை ஜிம்லதான் கிடைக்கும்.”

“கிடைக்கவே வேண்டாம்.”

“ஒரேயடியா தூக்கச் சொல்லலை மேடம். மூணு வாரம் கொஞ்சம் கொஞ்சமா பாரத்தை ஏத்துவோம். அப்புறம் ஒரு வாரம் உடம்பை ஆற விடுவோம். மறுபடி ஏத்துவோம். போட்டி நெருங்கும்போது நல்ல ஓய்வு. சரியா அன்னிக்குப் பார்த்து உடம்பு உச்சத்துல நிக்கும்.”

“முதுகு நிக்குமா? எங்க சித்தி பொண்ணு இப்படித்தான் வீராப்பா பீரோவைத் தூக்கப்போனா. இன்னிக்கு வரைக்கும் நிமிரலை. இவளோ ஊதினா பறந்துடுவா!”

‘குருவி’ என்று வீட்டில் செல்லமாக அழைக்கப்படும் அந்த இவள், பாவமாக அப்பாவைப் பார்த்தாள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதி லிஃப்ட்டுகள் அவர் கைபட்டுத்தான் ஏறி இறங்குகின்றன. வீட்டில் மட்டும் அவர் பேச்சு தரைத்தளத்தைத் தாண்டாது.

“அம்மா சொல்றதும் நியாயம்தானே?” என்றார்.

“கேட்டுக்கிட்டீங்களா கோச்? இந்த வருஷமும் இடம் கிடைக்கலைன்னா ஷூவைப் பரண்ல போட்டுட்டு ஒழுங்கா ஒரு வேலைக்குப் போகட்டும். அவ்வளவுதான்.”

குருவிக்குக் கண் கலங்கிவிட்டது. தாண்டுவதைத் தவிர வேறு எதற்கும் ஆசைப்படாத பெண். அப்பா பயிற்சியாளரை வழியனுப்ப லிஃப்ட் வரைக்கும் போனார். போனவர் வெகுநேரம் கழித்துத்தான் திரும்பினார்.

திங்கட்கிழமை லிஃப்ட் படுத்துவிட்டது.

“என்னங்க, தண்ணி கேன்காரர் கீழேயே வச்சுட்டுப் போயிட்டார். லிஃப்ட் ஓடினாத்தான் மேல வருவாராம்!”

“எனக்கு முழங்கால் வலி. குருவி, நீ போய்க் கொண்டா கண்ணு. அப்படியே என் டூல்ஸ் பையும் கீழ இருக்கு.”

“லிஃப்ட் மெக்கானிக் பொண்ணு கேனைச் சுமந்துக்கிட்டு மாடி ஏறறா. வெளியில சொன்னா சிரிப்பாங்கப்பா,” என்று முணுமுணுத்தபடியே குருவி இறங்கினாள்.

மறுவாரம் அப்பா ஞாபகமறதியாக ஒரு கேனுக்குப் பதில் இரண்டு கேன் சொல்லிவிட்டார். அதற்கடுத்த வாரம் டூல்ஸ் பை முன்னைவிடக் கனத்தது. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“ஊர் லிஃப்ட்டையெல்லாம் ரிப்பேர் பண்றீங்க. நம்ம லிஃப்ட்டுக்கு என்ன கேடு?”

“பார்ட்ஸ் வரணும்மா.”

பார்ட்ஸ் வந்ததோ என்னவோ, லிஃப்ட் ஓடியது. அம்மா நிம்மதியாகக் கடைக்குப் போய்வந்தாள். ஒரு வாரம்கூட முழுசாக அனுபவித்திருக்க மாட்டாள், மறுபடியும் படுத்துவிட்டது.

மூன்றாவது மாடி வக்கீல் மூச்சிரைக்க வந்து வாசலில் நின்றார்.

“வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்குன்னு சொல்லுவாங்க. இனிமே உங்க லிஃப்ட்டையும் அதுல சேர்த்துக்கலாம் சார்! இது எப்பவாவது ஒரு வாரம் ஓடுது. அதோட சரி.”

“மன்னிச்சுக்குங்க சார். பழைய மெஷின், அதுக்கும் ஓய்வு வேணுமில்ல?”

“மானம் போகுது!” என்று உள்ளிருந்து அம்மா குரல் கொடுத்தாள். “வேற மெக்கானிக்கைக் கூப்பிடப் போறாங்களாம். அந்த அவமானத்தையும் நான் பார்க்கணும்னு என் தலையில எழுதியிருக்கு.”

அப்பா எல்லாத் திட்டையும் தலை குனிந்து வாங்கிக்கொண்டார். குருவி மட்டும் கேன்களோடு படிகளில் போய்வந்துகொண்டிருந்தாள். முதலில் மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கியவள், போகப் போக அப்பாவின் பையையும் தோளில் மாட்டிக்கொண்டு நிற்காமல் ஏறினாள்.

நல்லவேளை, அணித் தேர்வு நெருங்கியபோது லிஃப்ட் சமர்த்தாக ஓட ஆரம்பித்தது. அப்பாவின் முழங்கால் வலியும் அதோடு போய்விட்டது. குருவியை ஒரு துரும்பைக்கூட எடுக்கவிடாமல் தண்ணீரை அவரே கொண்டுவந்து வைத்தார்.

தேர்வு நாளன்று மைதானத்தில் அம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். குருவி ஓடி வந்தாள், எழும்பினாள், மணலில் விழுந்தாள். அளந்தவர் நம்பாமல் டேப்பை மறுபடி பிடித்துப் பார்த்தார்.

“அம்மா! இடம் கிடைச்சிருச்சும்மா!”

அம்மா மணல் மேலேயே ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு பயிற்சியாளர் பக்கம் நிமிர்ந்து பார்த்தாள்.

“பார்த்தீங்களா கோச்? ஜிம்மும் இல்லை, இரும்பும் இல்லை. ஏத்தறதும் இறக்கறதும் எதுவும் இல்லாமலே ஜெயிச்சா எம் பொண்ணு!”

“நான் சொன்னது தப்புத்தான் மேடம்,” என்று பயிற்சியாளர் கையெடுத்துக் கும்பிட்டார். அம்மா பெருமையோடு மகளை அழைத்துக்கொண்டு நகர்ந்ததும், அப்பாவின் காதருகே குனிந்தார்.

“அண்ணே, அடுத்த போட்டிக்கு நாலு மாசம் இருக்கு. மறுபடி எப்ப ஆரம்பிக்கலாம்?”

அப்பா அம்மாவின் முதுகை ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

“இந்த வாரம் புள்ள நல்லா ஓய்வெடுக்கட்டும் கோச். அடுத்த திங்கட்கிழமை லிஃப்ட்டோட ஃபியூஸைப் பிடுங்கிடறேன்.”